இருபத்தோராவது தட்டு

ஆராயி கை வைத்த தட்டிலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தது என்று வேங்கிக்காலில் ஒருவரும் சொல்ல முடியாது. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் சரி, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் என்றால் அவள் வீட்டு வாசலில்தான் வண்டி வந்து நிற்கும். ஆப்பிளை அடுக்கிக் கோபுரம் கட்டுவாள். பட்டுப்புடவையை மடித்து மயிலாக்குவாள். கல்கண்டில் தேர் நிறுத்துவாள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் மேளத்துக்கு ஆடிக்கொண்டே போனாலும் ஒரு திராட்சை உதிராது. ரகசியம் வேறொன்றுமில்லை, க்ளூ கன். சூடான பசையைப் பீய்ச்சும் அந்தத் துப்பாக்கி அவள் வலது கையில் ஆறாவது விரலாகவே முளைத்துவிட்டது. அசையக்கூடிய எதைக் கண்டாலும் ஒட்டிவிடுவாள். ஒருமுறை புருஷன் மணிவேலின் மூக்குக்கண்ணாடியை வெற்றிலை பாக்கோடு சேர்த்து ஒட்டி அனுப்பிவிட்டாள். அது போளூர் வரைக்கும் சீராகப் போய், சிரிப்போடு திரும்பி வந்தது.

கை இவ்வளவு கெட்டி, வாய் அதற்கு நேர்மாறு. தட்டு ஜோடிக்கப் போகிற வீட்டில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய ஆராயி என்ன சிலையா? போன வீட்டுக் கதையை இந்த வீட்டிலும், இந்த வீட்டுக் கதையை அடுத்த வீட்டிலும் சுடச்சுட இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பெண்கள் அவளைத் தேடித் தேடிக் கூப்பிட்டது பாதி மயிலுக்காக, மீதி அந்தக் கதைகளுக்காக.

பிறந்தது கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக் கொடி பிடுங்கி வளர்ந்தவள். பத்தாவது முடித்ததும் படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். மணிவேலைக் கட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்தாள். அவன் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஏற்றி, யார் எது சொன்னாலும் "ஓகே ஓகே" என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. கட்டினவளிடமும் அதே "ஓகே ஓகே"தான். இந்தக் குடித்தனம் இருபத்திரண்டு வருஷமாகச் சண்டை இல்லாமல் ஓடுவதற்கு அந்த இரண்டு சொல்லுக்குத்தான் ஆராயி நன்றி சொல்ல வேண்டும்.

மணிவேலுக்கு ஒரே தங்கை, அன்புச்செல்வி. கீழ்பென்னாத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் தசரதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார் என்றால் முறைப்புதான் என்று ஊர் சொல்லும். இவர்களுக்குள் அப்படி இல்லை. அண்ணி சொன்னால் அன்புச்செல்விக்கு வேதவாக்கு. குழம்பில் எவ்வளவு புளி போடுவது என்பதிலிருந்து மகள் தென்றலை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது வரைக்கும் போனைப் போட்டு அண்ணியைக் கேட்டுத்தான் செய்வாள். வினை அங்கேதான் இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கீழ்பென்னாத்தூரில் ஒரு வளைகாப்பு வீடு. ஆராயி நடுக்கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி வளையல்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பெண்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஊசி போடுகிறார்களாம், பெற்றவர்கள் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் தாள் கொடுத்தனுப்புகிறார்களாம் என்று யாரோ பேச்செடுத்தார்கள். "நீ நாலு எடம் போறவ, நீ சொல்லு ஆராயி" என்று பத்து முகமும் அவள் பக்கம் திரும்பின.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆராயி பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் பழகவே இல்லை.

"வேணாங்க" என்றாள் ஒரு வளையலை ஒட்டிக்கொண்டே. "எங்க பக்கம் ஒரு பொண்ணுக்குப் போட்டாங்க. அப்புறம் மாசாமாசம் வர்றது நின்னே போச்சு. கர்ப்பப்பை சுருங்கிடுச்சாம். இனிமே எங்க கொழந்த பொறக்கறது?"

அப்படி ஒரு பெண் கிடையாது. பேச்சுக்கு ஒரு பிடிப்பு வேண்டியிருந்தது, தட்டுக்குப் பசை வைக்கிற மாதிரி வைத்துவிட்டாள். பத்துப் பெண்களும் உச்சுக்கொட்டினார்கள். ஆராயி அடுத்த வளையலை எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, செங்கம் ரோட்டில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில், அந்த வீட்டு அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டு அவளிடமே வந்து சொன்னாள். "உனக்குத் தெரியுமா ஆராயி? கலெக்டர் ஆபீஸ்ல வேலை செய்யறவர் பொண்ணாம். ஊசி போட்டதும் கர்ப்பப்பையே சுருங்கிப் போயி வேலூர்ல சேத்திருக்காங்களாம்." ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவமே, பொண்ணு எப்படி இருக்குதாம்?" என்று விசாரித்தாள். தான் பெற்ற பொய் வளர்ந்து, பாவாடை தாவணி கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று வேறு நினைத்துக்கொண்டாள்!

இந்த வருஷம் தை மாதம், வேங்கிக்காலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஆராயி போனது உடம்பைக் காட்டுவதற்காக இல்லை. முகாம் நர்ஸ் ரூபீனாவின் மகள் நூரைனின் பிறந்தநாளுக்குத் தட்டு ஜோடித்துக் கொடுத்திருந்தாள், அந்தத் தட்டைத் திருப்பி வாங்கப் போனாள். ரூபீனா விடவில்லை. "வந்தது வந்துட்டீங்க ஆராயிக்கா, அஞ்சு நிமிசம்" என்று திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

வினிகர் மாதிரி ஏதோ ஒரு தண்ணீரைத் தடவிப் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பை வாயில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது என்றாள். ஆராயியின் வாய் வாழ்நாளில் முதல் முறையாக அடைத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும் வரை ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மணிவேல் ஆட்டோவை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு வாரம் அவன் ஒரு "ஓகே"கூடச் சொல்லவில்லை. அதுதான் ஆராயிக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின கட்டம் என்று வந்தது. அந்த இடத்தைக் குளிரவைத்து உறையச் செய்து சரிபண்ணிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். பயம் போனதும் ஆராயிக்கு வாய் திரும்பி வந்தது, ரூபீனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படி நர்சம்மா இது வரும்? நான் ஒழுங்கா இருக்கறவ."

"ஒழுங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. இது ஒரு வைரஸ். கல்யாணம் ஆன முக்காவாசிப் பேருக்கு எப்பயாவது ஒருதரம் வரும், தானாவே போயிடும். சில பேருக்குப் போவாம உள்ளேயே தங்கிடும். அது வர்றதுக்கு முன்னாடியே தடுக்கத்தான் சின்ன வயசுலயே பொண்ணுங்களுக்கு ஊசி போடறது. எங்க நூரைனுக்குப் போன வருசம் போட்டாச்சு, குதிரையாட்டம் ஓடிட்டிருக்கா." ரூபீனா பெருமூச்சு விட்டாள். "கீழ்பென்னாத்தூர்லதான் பாதிப் பேரு கையெழுத்தே போடல. யாரோ ஒரு புண்ணியவதி, கர்ப்பப்பை சுருங்கிடும்னு கதை கட்டி விட்டுட்டாளாம்."

ஆராயி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கலெக்டர் ஆபீஸ்காரர் பெண் யார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தென்றலிடமிருந்து போன். அவளுக்குப் பதினாலு வயது. வயதுக்கு வந்து எட்டு மாதமாகியும் மண்டபம் கிடைக்காமல் மஞ்சள் நீராட்டு தள்ளிக்கொண்டே போய், ஒருவழியாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

"அத்தை, திங்கக்கிழமை எங்க ஸ்கூல்ல ஊசி போடறாங்க. அம்மா தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. அப்பாவைக் கேட்டா அம்மாவைக் கேளுங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"உனக்கு ஊசின்னா பயமில்லையாடி?"

"பயந்தான். ஆனா ஊசி போட்டவங்கள அரை மணி நேரம் சும்மா உக்கார வெப்பாங்களாம் அத்தை. அது கணக்கு பீரியடு."

ஆராயி மறுநாளே பஸ் பிடித்து கீழ்பென்னாத்தூர் போனாள். அன்புச்செல்வி காபி கொடுத்துவிட்டு, அண்ணி ஒரு மணி நேரம் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு அண்ணி சொன்ன கதையையே அண்ணியிடம் எடுத்து வைத்தாள். அந்த வளைகாப்பில் வளையல் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, கர்ப்பப்பை சுருங்கிடும்னு?"

அது பொய் செல்வி, நான்தான் அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆராயி வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "அது... அது பழைய மருந்து. இப்ப மருந்தையே மாத்திட்டாங்க."

"அப்ப மொதல்ல இருந்த மருந்து கெட்டதுதானே? இதையும் நாளைக்கு மாத்துவாங்க. அதுக்குள்ள எம்பொண்ணு வாழ்க்கை?" அன்புச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "அதுவுமில்லாம, கண்டபடி இருக்கறவங்களுக்கு வர்ற நோயாமே அண்ணி. வயசுக்கு வந்த பொண்ணுக்கு இந்த ஊசி போட்டா, நாளைக்குப் பொண்ணு கேட்டு வரவங்க இன்னா நெனப்பாங்க?"

கண்டபடி இருக்கிறவர்களுக்கு. ஆராயிக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது. தனக்கு வந்தது, உறையவைத்தது எதையும் நாத்தனாரிடம் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் எப்படிச் சொல்வது? ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் ஓடி வந்த தென்றல் சம்மதத் தாளை நாலாக மடித்து அத்தை கையில் திணித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்த யோசனை வந்தது. அது வந்த வேகத்தில் ஆராயி தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

தாய்மாமன் சீர்! தாய்மாமன் கொண்டுவரும் சீரில் ஒரு தட்டை வேண்டாம் என்று தள்ளின வீடு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அது தாய் வீட்டையே தள்ளின மாதிரி. ஒவ்வொரு தட்டையும் பெண்ணைப் பெற்றவள் சபை நடுவே இரண்டு கையாலும் வாங்கித்தான் ஆகவேண்டும். மணிவேல் இருபது தட்டு என்று சொல்லியிருந்தான். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருப்பதுதானே வழக்கம்?

"இன்னொரு தட்டு சேக்கறேன்" என்றாள் புருஷனிடம்.

"ஓகே ஓகே."

மூன்று நாள் அந்த ஒரு தட்டுக்கே போனது. கண்ணாடி வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி முழ நீளத்துக்கு ஒரு ஊசிக்குழாய் செய்தாள். அதற்குள் ரோஜாப்பூ இதழ், முனையில் வெள்ளித்தாள் சுற்றிய ஊதுபத்தி, அழுத்துகிற கட்டைக்கு ஜரிகைப் பந்து. அதன் காலடியில் வெற்றிலை பாக்கு, சம்மதத் தாள், பக்கத்தில் கல் பதித்த பேனா. வேலை முடிந்ததும் எட்ட நின்று பார்த்தாள். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு தட்டு அவள் செய்ததில்லை. முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது, பசை காயவில்லை என்பதால் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்குச் சீர் கிளம்பியது. முன்னால் மேளம், மேலே டிரோன், நடுவில் இருபத்தொரு பெண்கள். கடைசித் தட்டு ஆராயி கையில். வெயிலில் அந்த வளையல் ஊசி பளபளவென்று மின்னியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் ராக்கெட் என்றார். இன்னொருவர் அவரை அடக்கினார். "மோட்டார் கடைக்காரர் வீட்டு விசேசம்யா. போர் மோட்டார் செஞ்சு எடுத்துனு போறாங்க." ஆராயி காதில் விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் மேளத்துக்கு ரெண்டு ஆட்டம் போட்டாள். ஒரு வளையல் அசையவில்லை.

மேடையில் தென்றல் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டுத் தட்டாகப் பேர் சொல்லிக் கொடுப்பது ஆராயியின் தொழிலில் சேர்ந்தது என்பதால் மைக் அவள் கையில். "இது பட்டுத் தட்டுங்க", "இது பழத் தட்டுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அன்புச்செல்வி இரண்டு கையாலும் வாங்கினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு போட்டோ. வீடியோக்காரன் "சிரிங்க, சிரிங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தான்.

இருபத்தோராவது தட்டு வந்தது. அன்புச்செல்வி கை நீட்டினாள், ஊசியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. ஆராயி மைக்கைப் பொத்தி இடுப்போடு அழுத்திக்கொண்டாள். இருவரும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தபடியே சண்டை போட்டார்கள்.

"இன்னா அண்ணி இது?"

"சீரு."

"எம்மானத்தை வாங்கறதுக்கா?"

"கையெழுத்துப் போடு செல்வி."

"தட்டை வாங்கிக்கறேன். கையெழுத்துப் போட மாட்டேன். சீரை வாங்கணும்னுதான் முறை. அதுல இருக்கற பேனாவை எடுத்து எழுதணும்னு முறை எதுவும் இல்ல."

"சூப்பர் மேடம், அப்படியே!" என்றான் வீடியோக்காரன்.

அன்புச்செல்வி தட்டை வாங்கிப் பழத் தட்டுக்கும் பலகாரத் தட்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவ்வளவுதான். மூன்று நாள் வேலை, முழ நீள வளையல், இரண்டு ஆட்டம், எல்லாம் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. தென்றல் அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குறை ஒன்றும் இல்லை. அத்தையால் முடியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்துபோனது, அதுதான் தெரிந்தது.

ஆராயிக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை ஒட்டிச் சமாளிக்க முடியாது. முதலில் ஒட்டினதைப் பிய்க்க வேண்டும். மைக்கை மேலே தூக்கினாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இந்தக் கடைசித் தட்டு ஊசித் தட்டு. பொண்ணுங்களுக்குக் கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்கப் போடறாங்களே, அந்த ஊசி. அதைப் போட்ட பொண்ணு ஒருத்திக்குக் கர்ப்பப்பை சுருங்கிப் போச்சுன்னு இந்த ஊர்ல ஒரு கதை சுத்துச்சு. அந்தப் பொண்ண யாரும் தேடாதீங்க. அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. அவளப் பெத்தவ நான்தான், இந்த வாயால!"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். டிரோன் மட்டும் தலைக்குமேல் ரீங்காரம் போட்டது.

முன்வரிசையில் இருந்து தசரதனின் அக்கா ராணியம்மாள் எழுந்தாள். "அப்ப வேலூர்ல சேத்தது?"

"சத்தியமா அது நான் சொல்லலீங்க. போற வழியில யாரோ சேத்தது."

ராணியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அது... நான்தான். சும்மா உடம்பு சரியில்லன்னு சொன்னா யாரு நம்பறா? அதான் வேலூர்னேன்."

எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி, கலெக்டர் ஆபீஸ் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், கல்யாணமே நின்றுபோனது என்பது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள் சேர்த்தது. கரண்டியோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். கால் மணி நேரத்தில் அந்தப் பாவப்பட்ட பெண்ணின் அப்பா வேலை, ஆஸ்பத்திரி, நோய், நிச்சயதார்த்தம் எல்லாம் ஒவ்வொருவர் மடியிலாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்புச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"பொய்யின்னா, அத்தனை தூரம் வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கே சொல்லி இருக்கலாமே அண்ணி?"

ஆராயி மைக்கைக் கீழே இறக்கவில்லை. "வெக்கம், செல்வி. கண்டபடி இருக்கறவங்களுக்கு வர்றதுன்னு நீ சொன்ன பாரு, அது எனக்கு வந்துச்சு. தை மாசம். புத்துநோயா மாறறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு சரிபண்ணிட்டாங்க. இருபத்திரண்டு வருசமா எனக்கு இதோ நிக்கறாரே, இந்த ஒரு மனுசன்தான்."

"ஓகே ஓகே" என்றான் மணிவேல், மேடைக்குக் கீழே நின்றபடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு.

"ஒரு வாரம் நான் செத்துப் பொழைச்சேன்" என்றாள் ஆராயி. "நான் பட்டது தென்றல் படக்கூடாது. அவ்ளோதான். இனிமே நீ நம்பினா நம்பு."

அன்புச்செல்வி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மைக் இருவருக்கும் நடுவில் நசுங்கி வீல் என்று கத்தியது. "இவ்ளோ நடந்துருக்கு, எங்கிட்ட சொல்லல இல்ல?" என்று அண்ணி முதுகில் இரண்டு குத்து வைத்தாள். அழுதுகொண்டே போய் அந்தத் தட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

பேனா வரவில்லை.

இழுத்தாள், திருகினாள். தட்டே சேர்ந்து வந்தது. ஆராயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர்வலத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று கை பழக்கத்தில் பேனாவையும் ஒட்டியிருந்தாள். வீடியோக்காரன் தன் பேனாவை நீட்டினான். அன்புச்செல்வி எழுத வசதியாகத் தாளை எடுக்கப் பார்த்தாள். தாளும் வரவில்லை. நாலு மூலையிலும் பசை.

அன்புச்செல்விக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கால் வழிய, தட்டின்மேல் குனிந்து, வெற்றிலையை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேளக்காரர்கள் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை தட்டே பள்ளிக்கூடம் போனது. மணிவேலின் ஆட்டோவில் ஆராயியோடு தென்றல் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஊசி போட வந்த குழுவில் ரூபீனாவும் இருந்தாள். கத்தரிக்கோலை விட்டுப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "ஆராயிக்கா, இது வராது. தட்டையே ஃபைல்ல கோக்க வேண்டியதுதான்" என்று மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தாள். ஊசி போட்ட பிறகு தென்றல் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கணக்கு பீரியடு முழுசாகப் போய்விட்டது. பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூட வாசலில் நாலைந்து அம்மாக்கள் தாளோடு வந்து நின்றார்கள். முதல் ஆளாக ராணியம்மாள், பேத்தியின் தாளோடு.

தாளை எப்படிப் பிரித்தார்கள் என்பது தெரியாது. ஆனால் பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை அன்புச்செல்வி அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்து இறங்கினாள். சீர் வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பதால் வெற்றிலையும் இரண்டு வாழைப்பழமும் வைத்திருந்தாள். தாள் இருந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டு. ஆராயி எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. சோற்றுப் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருந்தாள்.

குனிந்து படித்தாள். பரிசோதனை முகாமுக்கான சீட்டு. பெயர் அன்புச்செல்வி, வயது முப்பத்தெட்டு.

"பொண்ணுக்குப் போட்டாச்சு. எனக்கும் பாத்துடலாம்னு" என்றாள் அன்புச்செல்வி. பிறகு மெதுவாக, "பயமா இருக்கு அண்ணி. நீங்க கூட வர்றீங்களா?"

ஆராயி அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு முப்பத்தொரு தட்டு முடித்துத் தரவேண்டும். க்ளூ கன் சூடாகி சொட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, ஆட்டோவை எடுங்க!"

"ஓகே ஓகே" என்று வாசலில் ஆட்டோ உறுமியது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்புச்செல்வி ஏறினாள். சில்லிட்டிருந்த அவள் கையை ஆராயி எட்டிப் பிடித்தாள், முகாம் திரை வரைக்கும் விடவே இல்லை.